ஜல்லி முடியும் வரை

ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுண்டு எழுதுவது. நீ சௌக்கியமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா சௌக்கியம். நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. உனக்கு எழுதுவது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. பெற்றவள் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட அன்று கதவை அறைந்துவிட்டுப் போனவன் பேச்சே இந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த வீடு என்றால் பல்காரர் வீடு. நீ வைத்த பெயரைத்தான் நானும் எழுதுகிறேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேரில் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை எதிரில் போய் நிற்பேன். முன் அறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறார். அதை ஒட்டிய அறையில் என் கட்டில். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கத் தாடைகள். பிளாஸ்டரில் அச்செடுத்த ஊரார் தாடைகள். சிலதில் பல் இருக்கிறது, சிலது பொக்கை. விளக்கை அணைத்ததும் எல்லாம் ஒன்றுகூடி என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

மாடியில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. வேலை முடிந்ததும் அவர் அங்கே ஏறிப் போய்விடுவார். ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்கும். "மேல என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன். "போகப் போகத் தெரியும், தொணதொணக்காதே" என்றாள்.

அவர் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. பேசுவதும் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. நேற்று சாப்பிடும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்குக் கை நடுங்குமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் கையில் டம்ளர் ஆடிக்கொண்டிருந்தது.

என்னை வந்து கூட்டிக்கொண்டு போய்விடு. பதிலை வாயாடி வீட்டு முகவரிக்குப் போடு. பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள். ஊர்க்கதை எல்லாவற்றையும் வாயில் போட்டு மெல்லுவாள். ரகசியத்தை மட்டும் மெல்லாமல் விழுங்கிவிடுவாள்.

உன் தங்கை,
சுண்டு

ஜூன் 28

அன்புத் தங்கை சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன், என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. நீ சரியாகச் சாப்பிடு.

முதலில் தாடை விஷயம். பொக்கைத் தாடை கடிக்காது. பல் உள்ள கீழ்த்தாடை, மேல்தாடை இல்லாமல் கடிக்காது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்காதே, அவ்வளவுதான்.

எனக்குக் கம்பெனியில் நல்ல வேலை. அறை பெரிது, நல்ல காற்றோட்டம். கூட இருப்பவன் ஒருத்தன் காலி செய்ய வேண்டும். அவன் போனதும் உன்னை அழைத்து வருகிறேன். இது சத்தியம். அந்த ஆள் உன்மேல் கை வைத்தால் மட்டும் உடனே எழுது. அவர் செய்கிற பல் செட்டை அவருக்கே மாட்டுகிற மாதிரி ஆக்கிவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்

ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று தாடைகளைப் பார்த்து நானும் கொஞ்சம் சிரித்தேன். போகும்போது இருந்த உன் இருமல் போய்விட்டதா? இங்கே அம்மாவுக்கு மட்டும் முதுகு வலி.

மாடி அறையைத் திறந்துவிட்டார். உள்ளே ரயில் அண்ணா! அறை நீளத்துக்கு மேசை, அதன்மேல் தண்டவாளம். சுவரோரமாகப் போய், பல் அச்சுக்கு வைத்திருக்கும் பிளாஸ்டரில் செய்த மலைக்குள் நுழைந்து, வளைந்து திரும்பி வருகிறது. என் சுண்டுவிரல் உயரத்துக்கு ஸ்டேஷன். ஒரு பெட்டி நிறைய மனுஷர்கள், இன்னும் சாயம் பூசாததால் எல்லோரும் சாம்பலாக இருந்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம் பயமே போய்விட்டது.

அதற்குள் அம்மா பின்னாலேயே வந்து அந்தச் சேதியைச் சொன்னாள். என்னை ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறாளாம். இடம் சொல்லிவைத்துவிட்டாளாம். "நானே இன்னொருத்தர் வீட்டுக்கு வந்திருக்கேன். கூடவே உன்னையும் தூக்கிட்டு வந்தா அவருக்குப் பாரம் இல்லையா? அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். நாமதான் புரிஞ்சுக்கணும்" என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உடனே வேண்டாம்" என்றார். "தண்டவாளத்துக்கு ஜல்லி போடணும். என் விரல் தடி, உள்ளே போகாது. இவ கை சின்னது. ஜல்லி முடிஞ்சதும் அனுப்பலாம்."

அம்மா சரி என்றாள். வேலைக்காகத்தான் என்னை வைத்திருக்கிறார். ஜல்லி முடிந்தால் நானும் முடிந்தேன். எனக்கு இங்கே இருக்கவும் பயம், அங்கே போகவும் பயம். அங்கே யாரையுமே தெரியாது. அம்மாவையும் பார்க்க முடியாது.

உன் கூட இருப்பவன் எப்போது காலி செய்வான்?

உன் தங்கை,
சுண்டு

ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

இருமல் போய்விட்டது. அம்மாவை வெயிட் தூக்க வேண்டாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இழு. ரப்பர் மாதிரி இழு. அரைக் கரண்டி போடும் இடத்தில் கால் கரண்டி போடு. ஜல்லி முடிவதற்குள் நான் வந்துவிடுவேன். தீபம் போல் எரிந்து நல்ல பெயர் வாங்க வேண்டாம். இந்த ஒரு வேலையில் நீ சோம்பேறி என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை.

அவன் சீக்கிரம் காலி செய்துவிடுவான்.

அண்ணன்

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே மூவரும் நலம். மூவர் என்று என் கை தானாக எழுதிவிட்டது.

இழு என்றாயே, இந்த வேலையை யாரும் இழுக்கவே வேண்டாம். அதுவே ஆமை. சொல்கிறேன் கேள். ஜல்லி என்றால் எள்ளைவிடப் பொடியான கல். முதலில் அதைச் சல்லடையில் சலிக்க வேண்டும். ஒரு கரண்டி எடுத்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் கொட்ட வேண்டும். கொட்டினால் அது குறுக்குக் கட்டைகள் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு கட்டையிலிருந்தும் சின்னத் தூரிகையால் கீழே தள்ள வேண்டும். ஒரு கல் கட்டைமேல் இருந்தாலும் நிஜ ரயில்பாதை மாதிரி இருக்காதாம். தும்மக்கூடாது. ஒருமுறை தும்மிவிட்டேன், ஒரு சாயங்கால வேலை போயிற்று. பிறகு சோப்பு கலந்த தண்ணீரைப் பனி மாதிரி தெளித்து, பசைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வேகமாக விட்டால் கல் எல்லாம் படகு மாதிரி மிதந்து போய்விடும். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் பசை பட்டால் அது இறுகி ரயிலே திரும்பாது. அங்கே பல் குத்துகிற ஊசியால் கல்லை ஒவ்வொன்றாக வைக்கிறேன்.

கை வலித்தால் "வேற வேலை செய்" என்பார். வேறு வேலை என்றால் பழைய பல் பிரஷ்ஷால் தண்டவாளத்தில் துரு தேய்ப்பது. இல்லாவிட்டால் சாம்பல் மனுஷர்களுக்குச் சட்டை பூசுவது. பொத்தான் வைக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அவங்க டிக்கெட் வாங்காத கூட்டம், அவ்வளவு மரியாதை போதும்" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசியதா நிஜமா என்று இன்னும் புரியவில்லை.

ஆனால் ஒன்று. நான் போட்டு முடித்த இடம் மறுநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் சுரண்டிக் கிடக்கிறது. "சரியில்லை, திரும்பப் போடு" என்கிறார். எது சரியில்லை என்று சொல்வதில்லை. முதல் தடவை படியில் உட்கார்ந்து அழுதேன். வாயாடி சொன்னாள், "மயிரிழை கோணினாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராதுன்னு பழகின ஆள்டி, உன் ஜல்லி எம்மாத்திரம்!" இருக்கலாம். இப்போது அழுவதில்லை. அவர் எவ்வளவு சுரண்டுகிறாரோ அவ்வளவு உனக்கு நேரம்.

உன் தங்கை,
சுண்டு

செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் கடிதம் வந்ததா? பதில் இல்லை. வாயாடி தினமும் உதட்டைப் பிதுக்குகிறாள். உடம்பு சரியில்லையா?

ஸ்டேஷன் பக்கம் முடிந்துவிட்டது. நேர்ப்பாதையும் முடிந்துவிட்டது. மலைக்குப் பின்னால் வளைவுதான் பாக்கி. அம்மா தகரப் பெட்டி வாங்கி வந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். சாப்பிடும்போது அவரிடம், "இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள். "வளைவு கஷ்டம்" என்றார்.

அண்ணா, உன் கடிதத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ரப்பர் வாடை அடிக்கிறது. ஒன்றின் ஓரத்தில் கரி படிந்த கட்டை விரல் அடையாளம். உன் கம்பெனியில் என்ன வேலை என்று நீ சொல்லவே இல்லை.

கோபமாக இருந்தாலும் ஒரு வரி எழுது.

சுண்டு

அக்டோபர் 8

அன்புத் தங்கைக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான். அடுத்த மாதம் நிச்சயம். இன்னும் கொஞ்சம் இழு.

சாப்பிடு. பயப்படாதே.

அண்ணன்

அக்டோபர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வளைவும் முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. ஒரு முழம்கூட இருக்காது. ஹாஸ்டலில் இருந்து எப்போது சேர்கிறாள் என்று கேட்டு எழுதிவிட்டார்கள். நீ அடுத்த மாதம் என்கிறாய். போன மாதமும் மனசுக்குள் அதையே சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அதனால் சமையலறையிலிருந்து கடுகை எடுத்துவந்து ஜல்லியோடு கலந்து, வளைவு நெடுக மேலாகத் தூவிப் பசை விட்டுவிட்டேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம். பசை காய்ந்த பிறகு உருண்டை உருண்டையாகக் கடுகு மட்டும் தெரியும், அவர் கண்ணில் உடனே படும், வளைவு முழுவதையும் சுரண்டச் சொல்வார் என்று கணக்குப் போட்டேன். கல் வாங்கிய கடையில் கலப்படம் என்று நினைத்துக்கொள்வார்.

ஆனால் அவர் மேலே வரவே இல்லை. யாருக்கோ அவசரமாகப் பல் செட் வேண்டுமாம், முன் அறையை விட்டு எழவில்லை. என்னையும், "கொஞ்ச நாள் மேல போக வேண்டாம், மலைக்குப் புதுசா பிளாஸ்டர் பூசி ஈரத்துணி போட்டிருக்கேன், காயட்டும்" என்று சொல்லிவிட்டார். வளைவு அந்த மலையை ஒட்டித்தான் போகிறது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. தாடைகள் எல்லாம் விஷயம் தெரிந்த மாதிரி இருக்கின்றன.

சுண்டு

நவம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌக்கியமா? நான் நிஜமாகவே சௌக்கியம். படித்துக்கொண்டே வா, நடுவில் திட்டாதே.

கடுகு முளைத்துவிட்டது!

ஈரத்துணியின் தண்ணீரெல்லாம் வளைவில் இறங்கியிருக்கிறது. அவர் என்னையும் கூட்டிக்கொண்டு மேலே போய்த் துணியை எடுத்தார். மலையடிவாரம் முழுக்கப் பச்சை. தண்டவாளத்துக்கு நடுவில், கட்டைக்குக் கட்டை, இரண்டிரண்டு இலையோடு பிஞ்சுச் செடிகள். சில இடத்தில் ஜல்லியையே தலையில் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. இன்றைக்கே தகரப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் குனிந்தார். ஒன்றைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"கடுகா?"

நான் தலையாட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார் அண்ணா. சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தமும் வந்தது. ஊருக்கே பல் கட்டுகிறவர், அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சத்தம் கேட்டு அம்மா மேலே ஓடி வந்தாள். "ஐயய்யோ, இது என்ன கூத்து?"

"மொத்தத்தையும் எடுக்கணும்" என்றார் அவர். குரலில் அவ்வளவு சந்தோஷம். "இதைப் பிடுங்கினா வேர் தண்டவாளத்தையே தூக்கிடும். ஒவ்வொண்ணா எடுத்து, திரும்பச் சலிச்சு, திரும்பப் போட்டு... இந்தப் படிப்பு வருஷம் முடியற வரைக்கும் ஆகும்."

"ஜல்லியில கடுகு எப்படி வந்துச்சு?" அம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நான்தான் வாங்கிட்டு வந்தேன். கல்லுன்னு நினைச்சு" என்றார் அவர்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கடைவாய்ப்பல்லில் தூசி இருந்தாலே கண்டுபிடிக்கிறவருக்குக் கடுகு தெரியாதாம். அப்படியே இறங்கிப் போனாள்.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "நீங்க ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மேசைக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையை இழுத்துக் காட்டினார். அதில் சுரண்டி எடுத்த ஜல்லித் துண்டுகள், பசையோடு இறுகிப் பாளம் பாளமாக. எல்லாம் நான் போட்டது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கட்டை இருந்த பள்ளம் ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது, ஒரு கல்கூட மேலே ஏறவில்லை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

"நீ ஒரே ஒரு தடவைதான் கெடுத்திருக்கே" என்றார். "நான் வாரம் தவறாம கெடுத்துட்டு இருக்கேன். ஜல்லி முடிஞ்சா நீ போயிடுவியே."

"அப்போ அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்." தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உனக்கே இங்க இருக்கப் பிடிக்கலைன்னா? என்னைக் கண்டா நீ சுவரோரமா போறே. உன்னைக் கேக்கப் பயமா இருந்துச்சு."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"இப்போ?"

"தாடைங்க மட்டும்."

அன்றைக்கே தாடைகளை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டோம். தாடைக் கூடையை நான் தூக்கினேன், அவர் பின்னாலேயே "கீழ போட்டா ஊரே பொக்கை" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அண்ணா, அதனால் நீ அவசரப்பட்டு வர வேண்டாம். என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. சத்தியம் செய்தாயே என்று நினைத்து வருத்தப்படாதே, அதை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன். உன் அறை பெரிதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன் தங்கை,
சுண்டு

நவம்பர் 14

அன்புத் தங்கை சுண்டுவுக்கு,

நானும் நலம். இந்தத் தடவை நிஜமாக.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன். எதன்மேல் என்றால் ஒரு லாரி டயர்மேல். இது டயர் கடை சுண்டு. பஞ்சர் ஒட்டுகிறேன். கடையிலேயே படுத்துக்கொள்கிறேன். ஷட்டர் முழுக்க இறங்காது, அதுதான் காற்றோட்டம். கூட இருப்பவன் என்று எழுதினேனே, அவன் இந்தத் தெருநாய். அவன் எப்படிக் காலி செய்வான், எனக்கு முன்னாலிருந்தே இங்கே இருக்கிறான்.

கதவை அறைந்துவிட்டு வந்தவனுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. உன் கடிதம் வந்தால் பிரிக்காமல் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவேன். வந்துவிடு என்று எழுதியிருப்பாயோ, உன்னை அழைத்து வந்தால் எங்கே படுக்க வைப்பேன் என்று. நீ வர வேண்டாம் என்று எழுதியதைப் படித்தபோது ஒரு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அண்ணன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகவும் இருக்கிறது.

இழு என்று நான் சொன்னது உனக்காக மட்டும் இல்லை என்பதை நீ எப்போதோ கண்டுபிடித்திருப்பாய். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பல்காரருக்கு என் வணக்கம் சொல். வேண்டாம், சொல்லாதே. உன் இஷ்டம்.

அண்ணன்

நவம்பர் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அந்த நாயும் நலமா? இங்கே எல்லோரும் நலம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள். எப்படித் தெரிந்தது என்கிறாயா? "டார்ச்சுக்கு எத்தனை பேட்டரிதான் வாங்குறது, அவனுக்கு எழுதறதை விளக்கைப் போட்டுட்டே எழுதேன்" என்றாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறாள்.

நேற்று அவரும் நானும் இடுக்கியால் கடுகு எடுத்துக்கொண்டிருந்தோம். கட்டைக்குக் கட்டை, வேருக்கு வேர். பார்த்தால் பல் பிடுங்குகிற மாதிரியே இருக்கும். அம்மா ஹாஸ்டல் கடிதத்தோடு வந்து நின்றாள்.

"கடைசியா கேட்டு எழுதியிருக்காங்க. இந்த வேலை எப்போதான் முடியும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"முடியாதுங்க" என்றார்.

"முடியாதுன்னா?"

"முடியவே முடியாது. எனக்குப் பாரம்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. நான் எப்பவாவது சொன்னேனா? அவ இங்கதான் இருப்பா. அவளுக்கும் சம்மதம். கேட்டுட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் "ஆமாம்மா" என்றேன். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு கோபமாகப் பேசுவது போல, "அப்போ அவங்களுக்கு நான் என்னன்னு பதில் எழுதறது?" என்று கேட்டாள்.

"ரயில் லேட்டுன்னு எழுதுங்க" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள் அண்ணா. சிரிப்பும் அழுகையுமாக அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது இன்னோர் இடுக்கியைக் கேட்டாள். அவளுக்குக் கொஞ்சமும் பொறுமை இல்லை, ஒரு செடிக்கு ஒரு கட்டையையே பெயர்த்துவிட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார்.

டயர் கடை பற்றி அம்மாவிடம் நானே சொன்னேன். மன்னித்துக்கொள். அவள் உடனே, "இருமறானா? குளிருக்கு என்ன போர்த்திக்கிறான்?" என்று அடுக்கிக்கொண்டே போனாள். நீயே பதில் எழுது, அவளுக்கு.

அவர் ஒரு செய்தி சொல்லச் சொன்னார். ரயில் ஓட மின்சாரம் வர மேசைக்கு அடியில் ஒயர் இழுக்கிற வேலை முழுசாகப் பாக்கி கிடக்கிறதாம். மல்லாந்து படுத்துக்கொண்டு தலைக்குமேல் ஒவ்வொரு முனையாகப் பற்றவைக்க வேண்டும். ஜல்லியைவிட மோசமான வேலை, முகத்தில் ஈயம் சொட்டும், கழுத்து பிடித்துக்கொள்ளும். பஞ்சர் ஒட்டத் தெரிந்த கை என்றால் ரொம்ப நல்லது என்கிறார். லீவு போட்டுவிட்டு உன்னை வரச் சொல்கிறார்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"அது உன் அண்ணன் எவ்வளவு மெதுவா செய்வான்ங்கறதைப் பொறுத்தது" என்றார்.

உன் தங்கை,
சுண்டு